சேகரிப்போர் கண்ட மதிப்பு

அரும்பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் அவற்றுக்கு எதனால் மதிப்பளிக்கின்றனர் என்று வினவினால், பழமையே காரணம் எனப் பலரும் விடை கூறுவர். அஞ்சல்தலை வரலாறு இவ்விடையை ஏற்பதில்லை. 1840இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு பென்னிக் கறுப்புத் தலையே உலகின் முதல் அஞ்சல்தலை. ஆயினும் 6 கோடிக்கு மேல் அச்சிடப்பட்டமையால் அது கிடைத்தற்கரியதாகிவிடவில்லை. 16 ஆண்டுகள் பிந்தி, இலண்டனிலிருந்து தலைகள் வந்து சேராத நெருக்கடியில், பிரிட்டிஷ் கயானாவின் செய்தித்தாள் அச்சகமொன்றில் உருவான ஒரு சென்ட் தலையில் ஒரே ஒரு படிதான் எஞ்சியது. 1873இல் அதைக் கண்டெடுத்த 12 வயதுச் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 2014இல் நியூயார்க் ஏலத்தில் அது ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2021இல் ஏறத்தாழ 83 லட்சத்துக்கே விற்றது. அருமை குறையவில்லை, விலை குறைந்தது. விரும்புவார் இன்றி அருமைக்கும் விலை இல்லை என்பது இதனால் புலனாகும்.

1922இல் அத்தலையை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹிண்ட், பின்னர்க் கிடைத்த இரண்டாம் படியை விலைகொடுத்து வாங்கி எரித்துவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. மெய்ப்பிக்கப்படாத கதையே எனினும், ஒருவகைச் சேகரிப்பாளரின் உள்ளத்தை அது காட்டிவிடுகிறது. தன்னிடம் உள்ளது பிறரிடம் இருத்தலாகாது என்பதே அவ்வுள்ளம்.

தமிழகம் கண்ட சேகரிப்பாளரின் உள்ளம் வேறு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியில் ஈடுபட்ட உ.வே.சாமிநாதையர், ஓர் ஏடு கிடைத்ததும் மறு ஏட்டைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஏட்டில் செல்லரித்த அடியை மற்றோர் ஏடு நிறைவு செய்யும். ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டும். 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியது இத்தகைய ஒப்புநோக்கலால்தான். அங்கே இரண்டாம் படி முதற்படியின் மதிப்பைக் குறைக்கவில்லை, உயர்த்தியது.

மூன்றாம் வகையினர், எவரும் விரும்பாததை விரும்பியவர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் கூட அவர் திரட்டினார். எல்லாரிடமும் இருந்தமையாலேயே எவரும் பேணாத தாள்கள் அவை. 1992இல் அவர் மறைந்தபோது தொகுப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளாக வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கிற்று. எனினும் தொகுப்பு கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளமாயிற்று. நாடக வரலாறும் அச்சு வரலாறும் எழுதுவோர்க்கு, ஒரு காலத்தில் பொட்டலம் மடிக்கப் பயன்பட்ட தாளே இன்று சான்றாவணம்.

ஆகவே, மதிப்பு பொருளில் மட்டும் உறைவதன்று. அதனிடம் கேட்கப்படும் கேள்வியிலும் உறைகிறது. கேள்வி பிறக்கும்வரை பொருளைக் காத்து நிற்பவரே சேகரிப்பாளர். பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்துக்கு இதில் பாடம் உண்டு. நூலாகிய கவிதைகள் எப்படியும் பிழைக்கும். கவியரங்க அழைப்பிதழும், திருத்தங்கள் நிறைந்த கையெழுத்துப் படியும், கூட்டத்துக்கு வந்தோர் ஒப்பமிட்ட ஏடும் பேணுவாரின்றிப் பிழைப்பதில்லை.