அரசியல் தலைமையில் பெண்களின் அதிகார விழைவு குறித்த மனப்பான்மைகள்

அதிகார விழைவு என்பது, பொதுப் பதவியை அடைந்து அதன்வழி அரசின் போக்கைத் தீர்மானிக்க வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகக் கொள்ளும் விருப்பத்தையும், அதற்காக அவர் தொடர்ந்து மேற்கொள்ளும் முயற்சியையும் குறிக்கும். ஆண் அரசியல்வாதியிடம் இது தலைமைக்குரிய தகுதிகளுள் ஒன்றாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. பெண் அரசியல்வாதியிடமோ 'பதவி ஆசை' என்ற ஒழுக்கக் குறையாக மதிப்பிடப்படுவதைப் பல நாடுகளின் அரசியல் வரலாற்றில் காணலாம். கணவரின் மறைவாலோ தந்தையின் மரபாலோ கட்சி மூத்தோரின் அழைப்பாலோ தம்மை வந்தடைந்த பதவியை ஏற்கும் பெண் எளிதில் ஒப்புக்கொள்ளப்படுகிறார். அதே பதவியைத் தாமே நாடிப் போட்டியிடும் பெண் ஐயத்துக்கு உள்ளாகிறார். இந்த வேறுபாடே இம்மனப்பான்மையின் மையக் கூறாகும்.

கோட்பாட்டு விளக்கங்கள்

அமெரிக்க உளவியலாளர்களான ஆலிஸ் ஈக்லியும் ஸ்டீவன் கராவும் 2002ஆம் ஆண்டில் முன்வைத்த பங்கு ஒத்திசைவுக் கோட்பாட்டின்படி, பெண் என்றால் பரிவும் விட்டுக்கொடுத்தலும் உடையவர், தலைவர் என்றால் உறுதியும் போட்டி மனமும் உடையவர் என்று சமூகம் இருவேறு எதிர்பார்ப்புகளைக் கொண்டுள்ளது. இவை ஒன்றோடொன்று பொருந்தாமையால், பெண்ணிடம் தலைமைத் தகுதி குறைவு என்ற முன்முடிவு ஒருபுறமும், அத்தகுதியை அவர் வெளிப்படுத்தினால் அவர்மீது வெறுப்பு மறுபுறமும் எழுகின்றன. மென்மையாக இருந்தால் திறமையற்றவர் என்றும் உறுதியாக இருந்தால் பெண்மையற்றவர் என்றும் குறைகூறப்படும் இந்நிலையை, கேத்லீன் ஹால் ஜேமிசன் 1995இல் வெளியிட்ட நூலில் இரட்டைக் கட்டு என்று விவரித்தார்.

டைலர் ஓக்கிமோட்டோவும் விக்டோரியா பிரெஸ்காலும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெயரிலும் பாலிலும் மட்டும் வேறுபட்ட கற்பனைச் செனட்டர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் பங்கேற்பாளர்களுக்குத் தரப்பட்டன. அதிகாரத்தை நாடுபவர் என்ற விவரம் சேர்க்கப்பட்டபோது, ஆண் வேட்பாளருக்கு வாக்களிக்கும் விருப்பம் குறையவில்லை. பெண் வேட்பாளருக்கான விருப்பம் குறைந்ததோடு, அவர்மீது இகழ்ச்சியும் சினமும் கலந்த ஒழுக்கச் சீற்றமும் வெளிப்பட்டது. ஆண் பங்கேற்பாளர்களிடம் மட்டுமின்றிப் பெண்களிடமும் இவ்வெதிர்வினை காணப்பட்டது. ஆயினும் எல்லா ஆய்வுகளும் இம்முடிவை எட்டவில்லை. அமெரிக்க, பிரித்தானிய வாக்காளர்களிடையே ஸ்பார்ஷ் சாஹாவும் ஆனா கேட்டலானோ வீக்ஸும் நடத்திய ஆய்வு, விழைவு மிகுந்த பெண் வேட்பாளர்களை வாக்காளர்கள் பொதுவாகத் தண்டிப்பதில்லை என்றும், கட்சிச் சார்புக்கேற்ப மதிப்பீடு மாறுபடுகிறது என்றும் கண்டது. எனவே இம்மனப்பான்மையை மாறாத மனித இயல்பாகக் கொள்ளாமல், காலமும் கட்சியும் சூழலும் உருவாக்கும் ஒன்றாகக் கொள்வதே பொருந்தும்.

தெற்காசிய எடுத்துக்காட்டுகள்

1959இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க படுகொலை செய்யப்பட்டதை அடுத்து அரசியலுக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960 ஜூலையில் இலங்கையில் உலகின் முதல் பெண் பிரதமரானார். கணவரின் பணியைத் தொடர வந்த கைம்பெண் என்ற தோற்றமே அவருக்கு ஏற்பைத் தந்தது. எதிர்ப்பாளர்களின் ஏளனமும் அந்தத் தோற்றத்தையே குறிவைத்தது.

இந்தியாவில் 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபின், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் உள்ளிட்ட மூத்தோரின் ஆதரவுடன் இந்திரா காந்தி, மொரார்ஜி தேசாயை 355க்கு 169 என்ற வாக்குகளில் வென்று பிரதமரானார். தங்கள் சொற்படி நடப்பார் என்ற நம்பிக்கை அவரை ஆதரித்தவர்களில் பலரிடம் இருந்தது. சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா அவரை 'ஊமைப் பொம்மை' என்று சாடியதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 1969இல் கட்சி மூத்தோரை எதிர்த்து அவர் நின்றதால் கட்சியே பிளவுபட்டபோது, அதே இந்திரா அதிகார வெறி கொண்டவராகச் சித்திரிக்கப்பட்டார். 1971ஆம் ஆண்டுத் தேர்தல் வெற்றிக்கும் வங்கதேசப் போருக்கும் பின்னர் துர்க்கையோடு ஒப்பிடப்பட்டார். பொம்மை, வெறி கொண்டவர், தெய்வம் என்ற மூன்று உருவங்களுக்கும் இடையே, விழைவுடைய சாதாரண அரசியல் தலைவர் என்ற இடம் அவருக்கு வழங்கப்படவில்லை.

தமிழ்நாட்டில், தம்மை வந்தடைந்த பதவியை ஏற்கும் பெண்ணுக்கும் தாமே அதை நாடும் பெண்ணுக்கும் இடையே காட்டப்படும் வேறுபாடு ஒரே கட்சிக்குள் வெளிப்பட்டது. 1982இல் அ.தி.மு.க.வில் சேர்ந்து, மறு ஆண்டே கொள்கை பரப்புச் செயலாளராகி, 1984இல் மாநிலங்களவைக்குச் சென்ற ஜெயலலிதா, 1987 டிசம்பரில் கட்சி நிறுவனரும் முதலமைச்சருமான எம்.ஜி.ஆர். மறைந்தபோது இறுதி ஊர்வல வண்டியிலிருந்து கீழே தள்ளப்பட்டார். 1988 ஜனவரியில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி முதலமைச்சராக்கப்பட்டார். அவ்வரசு ஒரு மாதத்துக்குள் கலைக்கப்பட்டது. கட்சித் தலைமைக்கு உரிமை கோரியவர்களுள் மனைவி என்ற உறவு இயல்பான தகுதியாகவும், கட்சிப் பணியாற்றிய பெண்ணின் உரிமைக் கோரல் அத்துமீறலாகவும் அன்று பலரால் கருதப்பட்டன. எனினும் 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் 27 இடங்களில் வென்ற ஜெயலலிதா அணியே பின்னர் ஒன்றுபட்ட கட்சியின் மையமாயிற்று. 1991இல் அவர் முதலமைச்சரானார். அதன்பின் கட்சியினர் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர். தாய்மையின் மொழிக்குள் வைக்கப்பட்டபின் அவருடைய அதிகாரம் கட்சிக்குள் கேள்விக்கு அப்பாற்பட்டதாயிற்று.

ஜூலியா கில்லார்டு

ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமரான ஜூலியா கில்லார்டின் ஆட்சிக்காலம் இத்துறையில் அடிக்கடி ஆராயப்படுவதாகும். 2010 ஜூன் 24 அன்று தம் கட்சிக்குள்ளேயே பிரதமராக இருந்த கெவின் ரட்டை விலக்கி அவர் பதவிக்கு வந்தார். 1991இல் பால் கீட்டிங் பாப் ஹாக்கையும், 2006இல் ரட் கிம் பீஸ்லியையும் இதே முறையில் கட்சித் தலைமையிலிருந்து அகற்றியிருந்தனர். ஆயினும் துரோகி என்ற பட்டம் கில்லார்டைப் பற்றிக்கொண்ட அளவுக்கு அவர்களைப் பற்றிக்கொள்ளவில்லை. 2005இல் வெளியான ஒரு நிழற்படத்தில் அவர் வீட்டுச் சமையலறையின் பழக்கிண்ணம் வெறுமையாக இருந்ததுகூடப் பேசுபொருளானது. 2007இல் செனட்டர் ஒருவர், பிள்ளை பெறாமல் இருப்பதை கில்லார்டு வேண்டுமென்றே தேர்ந்துகொண்டதால் தலைமைக்குத் தகுதியற்றவர் என்றார். 2012 அக்டோபர் 9 அன்று எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டை நோக்கி அவர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய பெண் வெறுப்புக்கு எதிரான உரை உலகெங்கும் பரவியது. 2013இல் பதவி விலகியபோது, தாம் பெண் என்பது நடந்த அனைத்துக்கும் காரணமன்று, எதற்குமே காரணமில்லை என்பதும் உண்மையன்று என்ற பொருளில் அவர் பேசியது, இத்துறையின் நிதானமான மதிப்பீடாகவும் கொள்ளத்தக்கது.

விமர்சனமும் பால்சார் இழிவும்

பெண் தலைவர்மீதான ஒவ்வொரு கண்டனமும் பால்சார்ந்த வெறுப்பாகிவிடாது. 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலைக்காக இந்திரா காந்தியும், 1961இல் வடக்கு, கிழக்கில் தமிழர் மொழியுரிமைக்காக நடந்த சத்தியாக்கிரகத்தை அடக்கியதற்காக சிறிமாவோவும், ஊழல் வழக்குகளுக்காக ஜெயலலிதாவும் பொறுப்புக் கூற வேண்டியவர்களே. அதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் அதே சொற்களால் கண்டிக்கப்பட்டிருப்பாரா என்பதே இங்கு உரைகல். செயலை விடுத்து உடல், உடை, மணவாழ்வு, பிள்ளைப்பேறு ஆகியவற்றின்மீது பேச்சு திரும்பும்போது, அது பதவியை நாடியதற்காகப் பெண்ணுக்கு விதிக்கப்படும் தண்டனையாகிறது.

மாற்றத்துக்கான காரணிகள்

இந்தியாவில் 1992இல் நிறைவேற்றப்பட்ட 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி உறுப்பினர், தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கையேனும் பெண்களுக்கு ஒதுக்கியது. இவ்வொதுக்கீடு மேற்கு வங்கத்தில் தற்செயல் தேர்வு முறையில் ஊர்களுக்கு வழங்கப்பட்டதால், ஒதுக்கீடு பெற்ற ஊர்களையும் பெறாத ஊர்களையும் ஒப்பிட்டு ஆராய முடிந்தது. லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்யப்பட்டு ஊராருக்கு ஒலிக்கப்பட்டது. பெண் தலைவரையே கண்டிராத ஊர்களின் ஆண்கள் பெண் குரலில் கேட்ட உரையைத் திறன் குறைந்ததாக மதிப்பிட்டனர். பெண் தலைமையைக் கண்ட ஊர்களில் இவ்வேறுபாடு மறைந்தது. ஆண் தலைவரையே விரும்பும் மனம் முற்றிலும் மாறாவிடினும், இருமுறை ஒதுக்கீடு நடந்த இடங்களில் பொதுப் பதவிகளுக்கும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றனர்.

மனைவி தலைவராக இருக்கக் கணவர் நிர்வகிக்கும் பழக்கம் பல ஊராட்சிகளில் நீடிப்பது, விழைவை மறைத்தால்தான் பெண்ணின் பதவி பொறுத்துக்கொள்ளப்படும் என்ற நிலை இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேற்றப்பட்டபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே அது செயற்படும் என்று விதிக்கப்பட்டது. ஒதுக்கீடு இல்லாத தேர்தல்களில் யார் போட்டியிடலாம் என்பதைக் கட்சித் தலைமைகளே முடிவு செய்கின்றன. அங்கே வாய்ப்புக் கேட்கும் பெண்ணின் விருப்பம், ஆணின் விருப்பத்தைப் போலவே தகுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும்போதுதான் ஊராட்சிகளில் தொடங்கிய மாற்றம் சட்டமன்றங்களையும் மக்களவையையும் எட்டும்.