எண்ணெய்க் கசிவும் அம்பாசடர் வண்டியும்

1942-இல் பி. எம். பிர்லா நிறுவிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் வண்டியைச் செய்துவந்தது. பழைய அம்பாசடரின் அடியில் எண்ணெய்த் துளி காணாதார் நம்மில் அரியர். அஃது ஓட்டுவோர் அசிரத்தையன்று, அமைப்பின் இயல்பேயாம். 1959-இல் அவ்வண்டிக்கு வாய்த்த 1489 சி.சி. எஞ்சின், ஆங்கிலேயர் வகுத்த பி.எம்.சி. 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதன் கிராங்க் ஷாப்டின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. திருகு வெட்டு ஒன்றே உண்டு. ஷாப்ட் சுழலுங்கால் அவ்வெட்டு எண்ணெயை உள்ளே திருப்பும்; நின்றபின் துளி சொட்டும். பேரிங் தேய்ந்து இடைவெளி பெருகினாலோ, மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளழுத்தம் ஏறினாலோ துளி ஒழுக்காகும். கிளச் நனைந்து வழுக்கும்.

ஆதலின், முதற்கண் எஞ்சினைத் துடைத்துக் கசிவின் பிறப்பிடம் காணல் வேண்டும். மேலே வழிவதே கீழே சொட்டுதலும் உண்டு. பின்னர் மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்து, டாப்பெட் மூடியின் தக்கை கேஸ்கெட்டை மாற்றுக. மிக இறுக்கினால் தக்கை நசுங்கிக் கசிவு மிகும். இவற்றாலும் நில்லாதாயின், எஞ்சினை இறக்கி பேரிங் மாற்றுதலே வழி.

வண்டியின் உற்பத்தி நின்றது. அதன் நாடியறிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகின்றனர். அவர்தம் கைத்திறனை நம் இளைஞர் இன்றே கற்றல் வேண்டும். வண்டியை மட்டும் காத்து வித்தையை இழப்போமாயின், நம்மிடம் எஞ்சுவது வெறும் இரும்பே.