கந்தப்பளைக்கு வந்த கோச்சி

நூற்றாண்டு மலரில் ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு படப்பகுதி இருக்கட்டும் என்று தீர்மானித்தபோது அது இலகுவான வேலையாகவே எங்களுக்குத் தோன்றியது. ஒரு பழைய படத்தைத் தேடி எடுப்பது, அதே இடத்தில் நின்று புதிதாக ஒன்று பிடிப்பது, இரண்டையும் அருகருகே அச்சிடுவது. கந்தப்பளைப் புகையிரத நிலையத்திலிருந்து தொடங்கலாம் என்றார் எங்களில் மூத்தவர். “கந்தப்பளையில ஸ்டேஷன் இருந்ததா அக்கா?” என்று கேட்டார் இளையவர்.

இருந்தது. கொழும்பிலிருந்து ஏறி வந்த பெரிய பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. நுவரெலியாவுக்கும் அதற்கு அப்பால் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஒரு குறுகிய பாதை பிறகு போடப்பட்டது. 1903 டிசம்பரில் நுவரெலியா வரையும், 1904இல் கந்தப்பளை ஊடாக இராகலை வரையும் கோச்சி ஓடத் தொடங்கியது. மொத்தம் 19 மைல். பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி. இதில் இரண்டரை அடிதான். மலைநாட்டுப் பெரிய பாதை மிகச் செங்குத்தான இடத்தில் 44 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. இந்தச் சின்னக் கோச்சியோ 24 அடிக்கு ஓர் அடி ஏறியது.

கந்தப்பளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,300 அடிக்கு மேல் இருந்தது. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் எது என்ற பொது அறிவுக் கேள்விக்கு நாம் எல்லோரும் பட்டிப்பொல என்று எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். இன்றைக்கு அது சரியான விடைதான். ஆனால் நமது ஊர் நிலையம் அதைவிட உயரத்தில் இருந்தது என்று வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதை ஐம்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. அகலங்கள் வேறாக இருந்ததால் சின்னக் கோச்சியின் பெட்டிகள் பெரிய பாதையில் ஓட முடியாது. இராகலையிலும் கந்தப்பளையிலும் ஏற்றிய தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அரிசி மூடையும் உரமும் மேலே வரும்போதும் அதே கதைதான். லொறி வந்த பின் தொழிற்சாலை வாசலில் ஏற்றியதைக் கொழும்பில் போய் இறக்க முடிந்தது. 1948இல் பாதை மூடப்பட்டது. தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் நமது பாட்டிமார் ‘கோச்சி நின்ன வருஷம்’ என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள்.

பழைய படங்களைத் தேடியபோது எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அஞ்சலட்டைகளும் ரயில் ஆர்வலர்களின் படங்களும். பாலம், வளைவு, சுரங்கம், என்ஜின் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. என்ஜினுக்கு இலக்கம் உண்டு, பாலத்துக்கு மைல் கணக்கு உண்டு. மண் வெட்டியவர்களுக்கும் மேடையில் பெட்டி சுமந்தவர்களுக்கும் பெயர் இல்லை. உருவத்தின் அளவைக் காட்ட நிறுத்திய கம்பம் போல ஓரத்தில் ஒருவர் நிற்பார். அவர் நமது உறவாகவும் இருக்கலாம்.

இது கோச்சிப் படங்களில் மட்டும் உள்ள குறையல்ல. உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். தோட்டத் தொழிலாளர்களை அவர் எடுத்த படங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. இங்கிலாந்தில் அவர் முன் அமர்ந்தவர்களில் டென்னிசனும் டார்வினும் உண்டு. இங்கே அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் பெண், வெறும் தொழிலாளி.

ஆகவே நாங்கள் திட்டத்தை மாற்றினோம். கட்டடத்தின் படம் வேண்டாம், கோச்சியோடு நம் ஆட்கள் நிற்கும் படம் இருந்தால் தாருங்கள் என்று பழைய மாணவியரிடம் கேட்டோம். வந்த படங்களில் பாதிக்கு மேல் நானுஓயா மேடையில் எடுத்தவை. காரணம் உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. தலைமன்னார் போய்க் கப்பலேறி இராமேஸ்வரம் இறங்க வேண்டும். ஏற்றிவிட வந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் திங்கட்கிழமை வரமாட்டாள். மேசையில் அவள் கீறிய பெயர் மட்டும் இருக்கும். அவளோடு கடைசியாக எடுத்துக்கொண்ட படத்தின் பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடைக் கூரை தெரியும்.

1980களுக்குப் பிறகு படங்கள் குறைந்துபோகின்றன. 1983 ஜூலையில் நுவரெலியாவில் எரிந்த கடைகளையும் வீடுகளையும் நம்மில் பலர் கண்ணால் கண்டோம். எங்களில் ஒருவரின் வீட்டில் எரிந்தவற்றில் குடும்பத்தின் ஒரே அல்பமும் ஒன்று. யுத்த காலத்தில் ரயில் நிலையத்தில் கமராவை வெளியே எடுப்பதே ஆபத்து. இன்னொருவர் ஒரு நிலையத்தில் தங்கையைப் படம் பிடித்தார். சுருள் பறிபோனதோடு அரைநாள் விசாரணையும் நடந்தது. இப்போது அதே மேடைகளில் வெளிநாட்டார் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

கந்தப்பளைக்கும் போனோம். கடைத்தெருவில் லீக்ஸும் கரட்டும் ஏற்றும் லொறிகளுக்கு நடுவே நின்று கோச்சி எந்தப் பக்கத்தால் வந்திருக்கும் என்று விசாரித்தோம். ஒரு கடைக்காரர் ஒரு திசையைக் காட்டினார், அடுத்த கடைக்காரர் வேறு திசையைக் காட்டினார். கடைசியில் மேலே ஹெதர்செற் தொழிற்சாலைக்குப் போனோம். 1996இல் ஹோட்டலாக மாறிய அந்த இடத்தில் குறுகிய பாதையின் பெட்டி ஒன்றைப் புதுப்பித்து உணவகமாக வைத்திருக்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வெளியே நின்றே படம் பிடித்தோம். எங்கள் ஆறு பேரின் பெயரும் அந்தப் படத்தின் கீழே இருக்கிறது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருக்கும் நானுஓயாப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் ஐந்து மாணவியர். நால்வரின் பெயர்கள் கிடைத்துவிட்டன. ஒருவர் கோத்தகிரியிலிருந்தும் ஒருவர் டொரொண்டோவிலிருந்தும் எழுதி உறுதிப்படுத்தினார்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவரை மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. இரட்டைப் பின்னல், கையில் தூக்குவாளி, செருப்பில்லாத கால். தெரிந்தவர்கள் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள்.