மேற்குச் சுவரும் நெய்வேலிச் சாம்பலும்

நெய்வேலியில் ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர், மந்தாரக்குப்பம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்வது வழக்கம். முதல் கோடை முடிவதற்குள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "டவுன்ஷிப்பில் இப்படி இல்லையே சார், ராத்திரியில் சுவரே அனலடிக்கிறதே!" வயதாகிவிட்டதால் வரும் புழுக்கம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது அல்ல. காரணம் சுவர்தான்.

நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு படித்தவன். புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர்கள் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுவார்கள். பகல் வெயில் அந்தத் தடிமனைத் தாண்டி உள்ளே வருவதற்குள் விடிந்துவிடும். நம் கிராமத்து மண் சுவர்கள் செய்ததும் இதே வேலைதான். மேலே பனையோலைக் கூரை தாழ இறங்கி, சுவரில் வெயில் படாமலே பார்த்துக்கொண்டது.

1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே மின்சாரம் வந்தது. கூடவே வட்டம் வட்டமாக குவார்ட்டர்ஸ்கள் எழுந்தன. அவற்றின் சுவர்கள் பழைய புதுச்சேரிச் சுவர்கள் போலத் தடிமன் அல்ல. ஆனால் வீட்டைச் சுற்றி வேம்பும் மாவும் பலாவும் வளர்ந்தன. சுவர் செய்யாததை மரங்கள் செய்தன. வெளியே வந்து மொட்டை மனையில் வீடு கட்டியவருக்குச் சுவர் இருக்கிறது, மரம் இல்லை.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெப்பம் ஊடுருவ ஆறேழு மணி நேரம் ஆகும். மாலை மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில், நாம் பாய் விரிக்கும் ஒன்பது, பத்து மணிக்குத்தான் உள்ளே வருகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசுகிறது.

பிரான்சில் இந்தக் கவலை நேர் எதிரானது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், வீட்டுச் சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும் என்று 1974-ல் விதியே கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'இசொலாசியோன்'. நாம் மின்கம்பிக்குச் சொல்லும் 'இன்சுலேஷன்' என்ற சொல்லைப் போலவே, இதுவும் தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வெளியுலகத்துச் சூட்டிலும் குளிரிலும் சேராமல் வீட்டைத் தனித் தீவாக்குவது என்று பொருள் கொள்ளலாம். சுவரை ஒட்டிக் கண்ணாடி நாரை வைத்து அடைக்கிறார்கள். வேலை செய்வது உண்மையில் அந்த நாரினிடையே அகப்பட்ட காற்றுதான்.

அந்தக் காற்றை நம் சாம்பலுக்குள்ளும் அடைக்கலாம். 1920-களில் சுவீடனின் ஆக்சல் எரிக்சன் கண்ட முறை அது. சுண்ணாம்புக் கலவையில் சிறிது அலுமினியத் தூள் சேர்த்தால், இட்லி மாவு போலப் பொங்கி உள்ளே குமிழ்கள் நிறையும். இன்று அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு அதே முறையில் செய்யும் எடை குறைந்த கல்லை ஏஏசி கல் என்கிறோம். சாதாரணச் சாம்பல் செங்கல் வேறு. அதில் இந்தக் குமிழ்கள் கிடையாது. 1999-ல் மத்திய அரசு, அனல்மின் நிலையங்களுக்கு 50 கிலோமீட்டருக்குள் உள்ள சூளைகள் சாம்பல் கலந்தே செங்கல் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. களிமண் மிச்சமானது. வெக்கை மட்டும் பெரிதாகக் குறையவில்லை.

கேரளத்தில் லாரி பேக்கர் வேறு கல் தேடவில்லை. சாதாரணச் செங்கல்லையே பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே மூன்றங்குல வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல்லும் சுமார் கால் பங்கு மிச்சம்.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டங்குலம் தள்ளி அரைக்கல் சுவர் ஒன்று எழுப்பலாம். முடியாவிட்டால் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்கே ஒரு வேப்பங்கன்றும் வையுங்கள். நமக்கு நிழல் தராவிட்டாலும், அந்த வீட்டில் பிறகு இருக்கப்போகிறவர்களுக்குத் தரும்.