கிறிஸ்டோ ஸ்டோய்ச்கோவ்

கிறிஸ்டோ ஸ்டோய்ச்கோவ் (பிறப்பு: பிப்ரவரி 8, 1966) பல்கேரிய நாட்டின் முன்னாள் கால்பந்து வீரர். பிளோவ்டிவ் நகரில் பிறந்த இடதுகால் ஆட்டக்காரர். நாட்டுக்காக 83 ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்தார். பல்கேரியாவின் மிகச் சிறந்த வீரர் இவரே என்பது பலரின் கருத்து. ஆனால் 19 வயதில் இவருக்கு வாழ்நாள் தடை விதித்ததும் அதே நாடுதான்.

தடை

அப்போது பல்கேரியாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி நடந்தது. தலைநகர் சோபியாவின் இரு பெரும் கழகங்களுள் சி.எஸ்.கே.ஏ இராணுவத்தையும், லெவ்ஸ்கி உள்துறை அமைச்சகத்தையும் சார்ந்தவை. 1985 ஜூன் 19 அன்று கோப்பை இறுதியாட்டத்தில் இவை மோதின. ஸ்டோய்ச்கோவ் ஆடிய சி.எஸ்.கே.ஏ 2-1 என வென்றது. ஆனால் ஆட்டத்தில் கைகலப்பு மூண்டது. கட்சித் தலைமை இரு கழகங்களையும் கலைத்தது. அவை ஸ்ரெடெட்ஸ், விட்டோஷா என்ற புதுப் பெயர்களில் அமைக்கப்பட்டன. வாழ்நாள் தடை பெற்றவர்களுள் ஸ்டோய்ச்கோவும் எதிரணிக் கோல்காப்பாளர் போரிஸ்லாவ் மிகாய்லோவும் அடங்குவர். பின்னர் தடை நீக்கப்பட்டது. இல்லையெனில் 1994இல் நடந்தது நடந்திருக்காது.

பார்சிலோனா

1989இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் இவரது கழகம் பார்சிலோனாவிடம் தோற்றது. ஆனால் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துத் தன் அணி அடித்த மூன்று கோல்களையும் இவரே அடித்தார். 1989-90 பருவத்தில் 38 கோல்கள் அடித்து, ஊகோ சாஞ்செசுடன் ஐரோப்பியத் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார். பார்சிலோனாவின் பயிற்சியாளர் யோகன் கிரைஃப் 1990இல் இவரை அழைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் ரியல் மாட்ரிட்டுடனான ஆட்டத்தில் நடுவரின் காலை மிதித்துத் தடை பெற்றார்! இப்படிப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் வைத்துச் சமாளித்தவர்களுக்கு கிரைஃபின் பொறுமை புரியும். அந்தப் பொறுமை வீண்போகவில்லை. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்பெயின் லீக்கையும், 1992இல் ஐரோப்பியக் கோப்பையையும் பார்சிலோனா வென்றது.

1994 உலகக்கோப்பை

பல்கேரியா அதற்குமுன் ஐந்து உலகக்கோப்பைகளில் 16 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில்கூட வென்றதில்லை. 1994 போட்டிக்குத் தகுதி பெற்றதே கடைசி நிமிடத்தில்தான். 1993 நவம்பர் 17 அன்று பாரிசில் சமன் செய்தாலே பிரான்சுக்குப் போதும் என்ற நிலையில், எமில் கொஸ்தாதினோவ் தன் இரண்டாவது கோலை அடித்து 2-1 என முடித்துவைத்தார்.

அமெரிக்காவில் முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 0-3 தோல்வி. பழைய கதைதான் என்று எண்ணியோர் பலர். அடுத்து கிரீசை 4-0 என வீழ்த்தியது பல்கேரியா. உலகக்கோப்பையில் அதன் முதல் வெற்றி அது. பிறகு அர்ஜென்டினாவை 2-0 என வென்றது. மெக்சிகோவைப் பெனால்டி உதைகளில் வென்றது. கோல் காத்தவர் மிகாய்லோவ்.

ஜூலை 10, காலிறுதி. எதிரணி நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. மத்தேயுசின் பெனால்டியால் பின்தங்கிய நிலையில், 75ஆம் நிமிடத்தில் ஸ்டோய்ச்கோவின் ஃப்ரீ கிக் தடுப்புச் சுவரைத் தாண்டி வலைக்குள் சென்றது. மூன்று நிமிடங்களில் யோர்டான் லெச்கோவ் தலையால் முட்டி அடுத்த கோலை அடித்தார்.

அரையிறுதியில் இத்தாலி 2-1 என வென்றது. பல்கேரியாவின் ஒரே கோல் ஸ்டோய்ச்கோவின் பெனால்டி. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஒரு கோல் அடித்திருந்தால் போட்டியில் அதிக கோல் அடித்தவர் இவர் ஒருவரே ஆகியிருப்பார். சுவீடன் 4-0 என வென்றதால் ஆறு கோல்களுடன் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவுடன் அச்சிறப்பைப் பகிர நேர்ந்தது. அவ்வாண்டின் தங்கப்பந்து விருது இவருக்கே கிடைத்தது.

பின்னர்

1996 யூரோவில் மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தும் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. இத்தாலி, ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளின் கழகங்களில் ஆடி 2003இல் ஓய்வு பெற்றார். 2004 முதல் 2007 வரை பல்கேரிய அணியின் பயிற்சியாளராக இருந்தார்.