கிட்டார் பல்விளைவு மிதிகருவியை மாதிரியாக்கப் பெருக்கியுடன் இணைத்தல்

பல்விளைவு மிதிகருவி என்பது மின்கிட்டாரின் ஒலியை மாற்றும் பல விளைவுகளை ஒரே பெட்டியில் கொண்டு, தரையில் வைத்துக் காலால் இயக்கப்படும் மின்னணுக் கருவி ஆகும். மாதிரியாக்கப் பெருக்கி என்பது பழைய வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளின் ஒலிப்பண்பை எண்ணிமக் கணிப்பின் மூலம் போலச்செய்யும் ஆம்ப்ளிஃபயர் ஆகும். இவ்விரண்டில் ஒவ்வொன்றும் மற்றதன் வேலையில் ஒரு பகுதியைத் தானும் செய்யக்கூடியது. எனவே ஒரே வேலை இருமுறை நிகழாதவாறு இவற்றை இணைப்பதே நல்ல ஒலிக்கு அடிப்படையாகும். இணைப்பு முறையைத் தேர்வதற்குக் குறிகை எந்தெந்தப் படிகளைக் கடந்து செல்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாறு

1960களிலும் 1970களிலும் ஒவ்வொரு விளைவுக்கும் தனித்தனி மிதிகருவி பயன்பட்டது. 1980களில் எண்ணிமச் செயலிகளின் விலை குறைந்ததால் பல விளைவுகளை ஒரே பெட்டியில் அடக்குவது எளிதாயிற்று. சப்பானின் பாஸ் நிறுவனம் 1988 இல் எம்ஈ-5 என்னும் பல்விளைவு மிதிகருவியை வெளியிட்டது.

பெருக்கிகளை எண்ணிம முறையில் போலச்செய்யும் கருவிகள் 1990களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்தன. ரோலண்ட் நிறுவனம் 1995 இல் விஜி-8 என்னும் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996 இல் ஆக்சிஸ் 212 என்னும் மாதிரியாக்கப் பெருக்கியையும், 1998 இல் பாட் என்னும் சிறு மேசைக் கருவியையும் வெளியிட்டது. 2001 இல் பெண்டர் நிறுவனத்தின் சைபர்-டிவின், வாக்ஸ் நிறுவனத்தின் வால்வட்ரோனிக்ஸ் ஆகியவை வந்தன. பின்னர் இதே தொழில்நுட்பம் மிதிகருவிகளுக்குள்ளும் பரவியது. 2015 இல் வெளிவந்த லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற கருவிகள் விளைவுகளுடன் பெருக்கி, ஒலிபெருக்கிப் பெட்டி, ஒலிவாங்கி ஆகிய அனைத்தையும் போலச்செய்பவை. இவ்வாறு இருவகைக் கருவிகளின் வேலையும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்ததே இணைப்புச் சிக்கலுக்குக் காரணம்.

குறிகைப் பாதை

மின்கிட்டாரின் குறிகை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்கிறது.

1. பிக்கப்: கம்பிகளின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு மின்குறிகையாக மாற்றுகிறது.
2. முன்விளைவுகள்: வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் முதலியன.
3. முன்பெருக்கி: குறிகையின் வலுவைக் கூட்டுகிறது; ஒலியின் நிறத்தையும் டிஸ்டார்ஷன் எனப்படும் சிதைவின் பெரும்பகுதியையும் தருகிறது.
4. பின்விளைவுகள்: கோரஸ், டிலே, ரிவெர்ப் முதலியன.
5. திறன் பெருக்கி: ஒலிபெருக்கியை இயக்கப் போதுமான திறனைத் தருகிறது.
6. ஒலிபெருக்கிப் பெட்டி: குறிகையைக் காற்றில் ஒலியாக மாற்றுகிறது.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. டிலே எதிரொலிகளை உண்டாக்குவது. அது முன்பெருக்கிக்கு முன் வைக்கப்பட்டால், புதிய சுரமும் முந்தைய சுரத்தின் எதிரொலியும் ஒன்றாகச் சிதைந்து குழம்பிவிடும். பின் வைக்கப்பட்டால், ஏற்கனவே சிதைந்த ஒலி தெளிவாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். இதற்காகவே பல பெருக்கிகளின் பின்புறத்தில் எஃபெக்ட்ஸ் லூப் எனப்படும் விளைவுச் சுற்று அமைக்கப்பட்டுள்ளது. முன்பெருக்கியின் வெளியீடு அதன் "சென்ட்" துளையில் கிடைக்கும். வெளி விளைவைக் கடந்த குறிகை "ரிட்டர்ன்" துளை வழியாகத் திறன் பெருக்கியை அடையும்.

இருமுறை மாதிரியாக்கம்

மிதிகருவியில் ஒரு பெருக்கி மாதிரியைத் தேர்ந்து, அதன் வெளியீட்டை மாதிரியாக்கப் பெருக்கியின் முன்புற உள்ளீட்டில் செருகினால், குறிகை இரண்டு முன்பெருக்கிகளை அடுத்தடுத்துக் கடக்கிறது. சிதைந்த குறிகை மீண்டும் சிதைவதால் இரைச்சல் மிகும். விரலின் மென்மையும் அழுத்தமும் ஒலியில் தெரியாமல் போகும்.

ஒலிபெருக்கிப் பெட்டியின் மாதிரியும் இவ்வாறே. கிட்டாருக்கான 12 அங்குல ஒலிபெருக்கி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. பெட்டி மாதிரியும் இதே வடிகட்டலைக் கணிப்பால் செய்கிறது. மாதிரியும் உண்மையான கிட்டார் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் உயரதிர்வெண்கள் இருமுறை வடிகட்டப்பட்டு ஒலி மங்கிவிடும். மாறாக, சிதைவூட்டிய குறிகையைப் பெட்டி மாதிரி இன்றி மேடை ஒலியமைப்புக்கோ காதணிபேசிக்கோ அனுப்பினால், வண்டு இரைவது போன்ற கூரிய ஒலி கேட்கும்.

கருவியின் வெளியீட்டு அமைவைச் சரியாகத் தேர்வதன் மூலம் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கலாம். பாஸ் ஜிடி வரிசைக் கருவிகள் பலவற்றில் ஜேசி-120, சிறு பெருக்கி, காம்போ, ஸ்டாக், அவற்றுட் சிலவற்றின் ரிட்டர்ன், லைன்/போன்ஸ் என இவ்வமைவு பிரிக்கப்பட்டுள்ளது. 2010 இல் வெளிவந்த லைன் 6 பாட் எச்டி500 கருவியிலும் முன்புற உள்ளீடு, திறன் பெருக்கி, நேரடி ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைவுகள் இருந்தன.

இணைப்பு முறைகள்

முன்புற உள்ளீட்டு முறை

கிட்டார், மிதிகருவி, பெருக்கியின் உள்ளீடு என்னும் வரிசையில் இரண்டு வடங்களால் இணைப்பது இம்முறை. மிதிகருவியின் பெருக்கி மாதிரியும் பெட்டி மாதிரியும் அணைக்கப்பட வேண்டும். பெருக்கியே முதன்மை ஒலியைத் தரும். மிதிகருவி விளைவுகளை மட்டும் தரும். மிதிகருவியின் பெருக்கி மாதிரியையே பயன்படுத்த விரும்பினால், மாதிரியாக்கப் பெருக்கியில் மிகத் தெளிவான, சிதைவற்ற மாதிரியைத் தேர்ந்து அதன் உள்விளைவுகளை அணைக்க வேண்டும். விளைவுச் சுற்று இல்லாத சிறு பெருக்கிகளுக்கு இம்முறையே பொருந்தும்.

ரிட்டர்ன் முறை

மிதிகருவியின் வெளியீடு நேராகப் பெருக்கியின் ரிட்டர்ன் துளைக்குச் செல்கிறது. பெருக்கியின் முன்பெருக்கி மாதிரி புறக்கணிக்கப்படுகிறது. அதன் திறன் பெருக்கியும் ஒலிபெருக்கியும் மட்டுமே பயன்படுகின்றன. மிதிகருவியில் பெருக்கி மாதிரி இயங்க வேண்டும். பெட்டி மாதிரி அணைந்திருக்க வேண்டும். சில பெருக்கிகளில் ரிட்டர்ன் துளைக்குப் பின்னரும் எண்ணிமக் கணிப்பு தொடர்வதால், கையேட்டிலுள்ள கட்டப்படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

நான்கு வட முறை

விளைவுகளை முன்பெருக்கிக்கு முன்னும் பின்னும் பகிர்ந்து வைக்க உதவும் முறை இது. மிதிகருவியிலும் பெருக்கியிலும் விளைவுச் சுற்று இருத்தல் வேண்டும்.

* முதல் வடம்: கிட்டாரிலிருந்து மிதிகருவியின் உள்ளீட்டுக்கு
* இரண்டாம் வடம்: மிதிகருவியின் சென்டிலிருந்து பெருக்கியின் முன்புற உள்ளீட்டுக்கு
* மூன்றாம் வடம்: பெருக்கியின் சென்டிலிருந்து மிதிகருவியின் ரிட்டர்னுக்கு
* நான்காம் வடம்: மிதிகருவியின் வெளியீட்டிலிருந்து பெருக்கியின் ரிட்டர்னுக்கு

மிதிகருவியின் விளைவு வரிசையில் அதன் சுற்று வைக்கப்படும் இடமே பெருக்கியின் முன்பெருக்கி நிற்கும் இடமாகும். ஓவர்டிரைவ், வா-வா ஆகியன அதற்கு முன்னும், டிலே, ரிவெர்ப் ஆகியன பின்னும் வைக்கப்படுகின்றன. மிதிகருவியின் பெருக்கி, பெட்டி மாதிரிகள் இரண்டும் அணைக்கப்பட வேண்டும்.

துணை உள்ளீட்டு முறை

இசையியக்கியை இணைப்பதற்காகச் சிறு பெருக்கிகளில் உள்ள துணை உள்ளீடு பொதுவாக மாதிரியாக்கத்தைக் கடந்து செல்வதில்லை. மிதிகருவியின் முழு ஒலியை அதில் செலுத்தலாம். பெட்டி மாதிரியை வைத்தும் எடுத்தும் கேட்டு, அந்த ஒலிபெருக்கிக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம்.

எண்ணிம இணைப்பு

சில நிறுவனங்கள் தம் மிதிகருவியும் பெருக்கியும் ஒன்றையொன்று அறிந்து இயங்குமாறு அமைத்துள்ளன. லைன் 6 நிறுவனத்தின் டிடி50 பெருக்கியும் பாட் எச்டி500 மிதிகருவியும் எல்6 லிங்க் என்னும் ஒற்றை வடத்தால் இணைக்கப்பட்டன. மிதிகருவியில் வேறொரு பெருக்கி மாதிரியைத் தேர்ந்தால், டிடி50 இன் வெற்றிடக் குழாய்த் திறன் பெருக்கியும் அதற்கேற்பத் தன் அமைவை மாற்றிக்கொண்டது. வேலைப் பிரிவினையைக் கருவிகளே செய்துகொண்டதால் இருமுறை மாதிரியாக்கம் நிகழவில்லை.

மட்டமும் மின்மறிப்பும்

பிக்கப் தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு வோல்ட் வரை இருக்கும். பிக்கப்பின் மின்மறிப்பு உயர்வானது என்பதால், அது செருகப்படும் உள்ளீட்டின் மின்மறிப்பு 1 மெகாவோம் அளவில் இருத்தல் விரும்பத்தக்கது. அதற்கு மிகக் குறைந்தால் உயரதிர்வெண்கள் இழக்கப்படும். கிட்டாரிலிருந்து வரும் முதல் வடம் நீண்டாலும் இதே விளைவு உண்டாகும். மிதிகருவியின் வெளியீட்டு மின்மறிப்பு குறைவு. எனவே அதற்குப் பின்வரும் வடங்கள் சற்று நீண்டிருந்தாலும் தீங்கில்லை.

லைன் மட்டத்தில் இருவகை உண்டு. வீட்டுக் கருவிகளின் −10 டெசிபெல் மட்டம் ஏறக்குறைய 0.32 வோல்ட், தொழில்முறைக் கருவிகளின் +4 டெசிபெல் மட்டம் ஏறக்குறைய 1.23 வோல்ட். பெருக்கியின் முன்புற உள்ளீட்டுக்கு மிகை மட்டம் அனுப்பினால் எண்ணிம மாற்றி நிரம்பி, கேட்கத் தகாத கரகரப்பு உண்டாகும். இதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. எல்லா விளைவுகளையும் அணைத்து வாசித்த ஒலியும், கிட்டாரை நேராகப் பெருக்கியில் செருகி வாசித்த ஒலியும் ஒரே உரப்புடன் இருக்குமாறு மிதிகருவியின் வெளியீட்டு மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

காலத் தாமதம்

குறிகை எண்ணிமமாகவும் மீண்டும் அலையாகவும் மாறும் ஒவ்வொரு முறையும் ஓரிரு மில்லிநொடி கழிகிறது. நான்கு வட முறையில் இத்தகைய மாற்றம் மூன்று முறையோ அதற்கு மேலோ நிகழலாம். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே 5 மில்லிநொடித் தாமதம், ஒலிபெருக்கியிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும். பெரும்பாலோர்க்கு இது இடையூறாக இருப்பதில்லை. விரைந்து வாசிப்போர் சிலர் உணரக்கூடும்.

இரைச்சலும் பாதுகாப்பும்

இரு கருவிகள் மின்வழங்கல் வழியாகவும் வடத்தின் உறை வழியாகவும் நிலத்தொடர்பு பெறும்போது ஒரு மூடிய சுற்று உண்டாகி, மின்வழங்கலின் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் முரலும் ஒலி எழலாம். இந்தியா, இலங்கை, ஐரோப்பா ஆகிய இடங்களில் இவ்வதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். நான்கு வட முறையில் இச்சிக்கல் மிகுதி. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும், சுற்றின் வடம் ஒன்றில் தனிப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்ப்பதும் தீர்வுகளாகும்.

செருகியின் நிலத்தொடர்பு முனையை வெட்டிவிடுவது ஒருபோதும் தீர்வாகாது. நிலத்தொடர்பு இழந்த கருவியில் பழுது ஏற்பட்டால் கிட்டாரின் கம்பிகளிலேயே மின்சாரம் பாயலாம். வாசிப்பவர் ஒலிவாங்கியைத் தொடும் கணத்தில் அது உடல் வழியே செல்லும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஆர்வி 1972 இல் வேல்சின் சுவான்சி நகர மேடையில், நிலத்தொடர்பு முறையாக இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்கி இறந்தார்.

பெருக்கியின் ஒலிபெருக்கி வெளியீட்டை மிதிகருவியின் எந்த உள்ளீட்டிலும் செருகக்கூடாது. 8 ஓம் சுமையில் 50 வாட் தரும் பெருக்கியின் அவ்வெளியீட்டில் 20 வோல்ட் இருக்கும்; இது மிதிகருவியைப் பழுதாக்கிவிடும். இரு துளைகளும் ஒரே வடிவில் இருப்பதால் இத்தவறு எளிதில் நேர்கிறது. மிதிகருவியின் மின்வழங்கியை மாற்றும்போது மின்னழுத்தம், மின்னோட்டம், முனைவு ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒலியளவைக் குறைத்து வைத்து, முதலில் மிதிகருவியையும் இறுதியில் பெருக்கியையும் இயக்குவது வழக்கம்; அணைக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும்.

இவற்றையும் பார்க்க

* மின்கிட்டார்
* வெற்றிடக் குழாய்
* மின்மறிப்பு
* எண்ணிமக் குறிகைச் செயலாக்கம்