கலைப்பொருள் மதிப்பீடு

ஓவியம், சிற்பம், செப்புத்திருமேனி, ஓலைச்சுவடி போன்றவற்றின் காலம், படைத்தவர், பிறந்த இடம், கைமாறிய வரலாறு, இன்றைய நிலை ஆகியவற்றை ஆராய்ந்து விலை குறித்துத் தருவது கலைப்பொருள் மதிப்பீடு. விலை எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். காப்பீட்டுக்கு என்றால், அதே தரத்தில் இன்னொன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்ப்பார்கள். பாகப்பிரிவினைக்கு என்றால், விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையே கூடுதலாக வரும்.

குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள அஞ்சுகிராமம் உள்ளிட்ட நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் இப்பகுதியில் மதிப்பீட்டுப் பேச்சு எழுந்தால் திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவி வர்மாவின் (1848–1906) பெயர் வராமல் இருக்காது. அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வார்னிஷ் பூசிய அச்சுப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்க்க எண்ணெய் ஓவியம் போலவே இருக்கும். மதிப்பீட்டாளர் முதலில் எடுப்பது உருப்பெருக்கிக் கண்ணாடியை. அச்சு என்றால் வண்ணம் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். தூரிகை ஓடிய தடம் இருக்காது. மூல ஓவியத்தின் விலை எந்த உயரத்துக்குப் போகும் என்பதற்கு அவரது 'யசோதையும் கிருஷ்ணனும்' சான்று. 2023-இல் மும்பை ஏலத்தில் அது 38 கோடி ரூபாய்க்குப் போனது. ரவி வர்மாவின் படைப்புகள் 1979-இல் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டவை. இந்தியாவில் உள்ளவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதால், இந்த விலை உள்நாட்டில் வாங்குவோர் போட்டியிலேயே உருவானது.

சோழர் செப்புத்திருமேனிகளின் கதை வேறு. அங்கே அழகும் பழமையும் இரண்டாவதாகவே வரும். எந்தக் கோயிலிலிருந்து, யார் கை வழியாக வந்தது என்பதற்குத் தாளில் சான்று இல்லாவிட்டால், அந்தத் திருமேனிக்கு விலை சொல்வதே பிழை. இதை மூன்று நடராசர்கள் உலகுக்கு உணர்த்தினார்கள்.

முதலாவது, கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராசர். 1951-இல் நிலத்தில் கிடைத்து, 1954-இல் செப்பனிடுவதற்காக ஸ்தபதியிடம் தரப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது புதிதாக வார்த்த நகல். ஊர் அதையே வணங்கிவந்தது. பிரிட்டிஷ் அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965-இல் சோழர் செப்புத்திருமேனிகள் பற்றி வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதினார். அந்த நூல் வந்த பிறகும், 1973-இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் மூலத்தை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கும் உடன்பாடும் முடிந்து 1986-இல் நடராசர் நாடு திரும்பினார்.

இரண்டாவது பத்தூர் நடராசர். 1976-இல் கூலித்தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. பல கைகள் மாறி, 1982-இல் கனடாவின் பம்பர் என்ற நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. மதிப்பீட்டுக்கும் பராமரிப்புக்குமாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்து வைத்திருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வழக்கில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். பத்தூரிலேயே பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு நடராசரை ஒப்பிட்டார்கள்; ஒட்டியிருந்த மண்ணும் உலோகக் கலவையும்கூட ஆய்வுக்கு உள்ளாயின. 1988-இல் நீதிபதி பத்தூர்க் கோயில் பக்கம் தீர்ப்பளித்தார். இடிந்து கிடந்த கோயிலும் சட்டத்தின் கண்ணில் வழக்காடும் உரிமையுள்ள ஒரு தரப்பு என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. 1991-இல் திருமேனி திரும்பியது.

மூன்றாவது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர். ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலை 1970-இலேயே டெல்லியில் விற்கப்பட்டது என்று காட்டும் தாள்கள் உடன் வந்தன, அவை போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்களில் அதே நடராசர் ஸ்ரீபுரந்தானில் நின்றிருந்தார். வளையத்தின் தீச்சுடர்களையும் சிறு பழுதுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் ஒரு வார்ப்பு இன்னொன்றாக முடியாது. 2014-இல் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்ற வணிகர் சுபாஷ் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. கோயில்தோறும் திருமேனிகளைப் படமெடுத்து, உயரமும் எடையும் குறித்து வைப்பதைவிடச் சிறந்த மதிப்பீடு இல்லை.

போலித் தாளில் 1970 என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பழம்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் இயற்றப்பட்டது 1972-இல். நடைமுறைக்கு வந்தது 1976-இல். அதன்படி நூறு ஆண்டு ஆன சிற்பமும் ஓவியமும் பழம்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு போதும். சிலை, ஓவியம் போன்ற பழம்பொருள்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அஞ்சுகிராமத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள மயிலாடிக்கு இச்சட்டம் வேறு வகையில் தொடர்புடையது. இது கற்சிற்பிகளின் ஊர். சாலையோரப் பட்டறைகளில் விநாயகர், அம்மன், நந்தி என்று வரிசையாக நிற்கும். நேற்று உளி பட்ட சிலையானாலும் கடல் கடக்கும்போது அது பழம்பொருள்தானோ என்ற ஐயம் சுங்கத்தில் எழும். அதற்காகத் தொல்லியல் துறையிடம் 'பழம்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் பெறுவார்கள். உளித்தடத்தின் கூர்மை, கல்லின் புதுப்பரப்பு, உருவ அமைதி ஆகியவற்றைக் கொண்டு வல்லுநர்கள் காலத்தைச் சொல்வார்கள். விலை குறிக்காத மதிப்பீடு இது. உழைத்துச் செதுக்கிய சிற்பிக்கு உரிய கூலி வந்து சேருவது இதை நம்பித்தான்.

இன்றைய நிலையில், கம்பெனிச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டாளர் விதிகள் நிலம்–கட்டடம், இயந்திரம், நிதிச்சொத்து என்ற மூன்று வகையையே கொண்டவை. கலைப்பொருளுக்கு அதில் இடமில்லை. ஏல நிறுவனங்களும் தனி வல்லுநர்களும் மதிப்பிட்டுத் தருகிறார்கள்.